வேஸ்ட் மோல்டை இன்னும் கற்றுத்தர வேண்டுமா?

கேள்வி: 2 ஆகஸ்ட் 2023, மாலை 6.10

நுண்கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் புடைப்புச் சிற்பம், கை, கால், காது என்று களிமண்ணிலேயே சென்றன. இந்தப் பருவத்தில் ஒரு முதியவரை உட்காரவைத்து ஆளளவுத் தலை ஒன்றைச் செய்திருக்கிறேன். ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது அதற்குப் பிளாஸ்டரில் வேஸ்ட் மோல்டு எடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். அந்த முறையில் களிமண்ணும் அழிகிறது, அச்சும் உடைபடுகிறது, கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு வார்ப்பு. எங்கேனும் தவறினால் ஐந்து வார உழைப்பும் போய்விடும். சிலிக்கானில் அச்செடுத்து ஃபைபரில் (கண்ணாடி இழையும் ரெசின் பிசினும்) வார்த்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளிப் பட்டறைகளில் யாரும் வேஸ்ட் மோல்டு எடுப்பதில்லை. வழக்கம் என்பதற்காக மட்டுமே இதைக் கற்றுத்தருகிறார்கள் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 2 ஆகஸ்ட், இரவு 10.35

எடுத்துவிடுங்கள், தம்பி. சிலிக்கானை ஒரு வாரத்தில் எவரிடமும் கற்றுக்கொள்ளலாம். வேஸ்ட் மோல்டைக் கல்லூரியை விட்டு வந்தபின் கற்றுத்தர ஆள் கிடைக்காது. நீங்கள் சொல்வதுபோல் பட்டறைகளில் அதற்கு நேரம் ஒதுக்குபவர் இல்லை.

நான் படித்தது தொண்ணூறுகளின் இறுதியில். கல்லூரிக்கு எதிரே இளநீர் விற்ற பெரியவர் ஒருவர், பிற்பகலில் வண்டியை மூடிவிட்டு வந்து எங்களுக்காக உட்காருவார். அவருடைய தலைதான் என் முதல் வேஸ்ட் மோல்டு. உச்சியில் தொடங்கி இரு காதுகளுக்கும் பின்னால் இறங்கும் ஒரு கோட்டைக் கீறி, அதில் தகடுகளை வரிசையாகக் குத்தி, முன்பாதி பின்பாதி என்று பிரித்தேன். முதல் பூச்சுக்கான தண்ணீரில் சலவைக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, அந்த நீல பிளாஸ்டரைக் கையால் தெறித்துத் தெறித்து அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஏற்றினேன். அதன்மேல் தேங்காய் நார் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெள்ளைப் பூச்சு. இறுகியபின் பின்பாதியைக் கழற்றி, களிமண்ணைத் தோண்டி எடுத்து, உட்புறத்தைக் கழுவி, சோப்புக் கரைசலை மூன்று முறை பூசி, இரு பாதிகளையும் கட்டி, உள்ளே வார்ப்புக்கான பிளாஸ்டரை ஊற்றி உருட்டினேன். பிறகு மழுங்கிய உளியால் அச்சை வெளியிலிருந்து தட்டித் தட்டி உடைக்க வேண்டும். வெள்ளை உதிர்ந்து நீலம் தெரிந்தால், இன்னும் அரை சென்டிமீட்டரில் முகம் இருக்கிறது என்று பொருள். அங்கே கையை அடக்க வேண்டும்.

என் வார்ப்பில் இடது காது மடலின் பின்புறம் நீலமே வரவில்லை. மடலுக்குப் பின்னால் பள்ளம் இருந்ததால் முதல் பூச்சு அங்கே பிடிக்காமல் வழிந்திருக்கிறது; நான் கவனிக்கவில்லை. வெள்ளையைத்தான் உடைக்கிறேன் என்று நினைத்துக் காதின் விளிம்பை உடைத்தேன். முதல் நாள் தெறிக்கும்போது குனிந்து பார்க்காத இடம் ஒன்பதாம் நாள் உளியின் முனையில் வந்து நின்றது. காதுக்குப் பின்னால் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

3 ஆகஸ்ட், காலை 7.20

பிளாஸ்டர் பொடியைத் தட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் போதும் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சுவர் விரிசலை அடைக்க அது போதும், அச்சுக்கு ஆகாது. தண்ணீர் முதலில், பொடி பிறகு. அகன்ற ரப்பர் பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து, பொடியை விரல்களுக்கு இடையே சல்லடைபோலத் தூவிக்கொண்டே வந்தால், முதலில் அது மூழ்கும். பிறகு தண்ணீருக்கு மேல் சிறு தீவுகளாகத் தலைகாட்டும். அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, கையை அடிவரை விட்டு, மேல்பரப்பைக் கலக்காமல் மெதுவாகக் கிளற வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழிகள் நுழைந்து மூக்கு நுனியில் வந்து உட்காரும்.

ஜிப்சக் கல்லை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியசில் சுட்டு, அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிய பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நாம் தண்ணீர் சேர்க்கும்போது, இழந்த நீரைத் திரும்பக் குடித்து அது மறுபடியும் கல்லாகிறது. அப்போதுதான் சூடு கிளம்புகிறது. கனமான கட்டியாக இருந்தால் அந்தச் சூடு 60 டிகிரியைத் தொடலாம். விளையாட்டாகக்கூட யாரும் கையைப் பிளாஸ்டர் வாளிக்குள் விட்டு இறுகும்வரை வைத்திருக்காதீர்கள். வெளியே இழுக்கவும் முடியாது, சூடும் இறங்காது.

அளவு: தண்ணீர் ஒரு பங்குக்குப் பிளாஸ்டர் ஒன்றரைப் பங்கு.

3 ஆகஸ்ட், பிற்பகல் 2.05

காலையில் எழுதிய ஒன்றரைப் பங்கைச் சிலர் குவளையால் அளந்திருக்கிறார்கள். எடைக் கணக்கைத்தான் எழுதினேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ பொடி. குவளையால் அளந்தால் பொடி எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும். தீவுகள் தெரிவதைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதே எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அச்சு வார்ப்பைவிட வலுக்குறைவாக இருக்க வேண்டும். ஆகவே அச்சின் பிளாஸ்டரைச் சற்று இளக்கமாகவும், வார்ப்பின் பிளாஸ்டரைக் கெட்டியாகவும் கலக்குங்கள். இரண்டும் ஒரே வலுவில் இருந்தால் உளி பட்டால் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாது.

3 ஆகஸ்ட், இரவு 9.50

தகடு பற்றிக் கேட்டவருக்கு: பித்தளைத் தகடு வாங்க வேண்டியதில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சீட்டுக்கட்டின் பாதி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். இடையிடையே சில துண்டுகளை நடுவில் மடித்துக் குத்தினால் அந்த மடிப்பே இரு பாதிகளும் பொருந்தும் பூட்டாகிவிடும்.

பழைய வாளியைக் கழுவாமல் கலந்தவர்களுக்கு: இறுகிய பிளாஸ்டர்த் துகள்கள் புதிய கலவையைச் சீக்கிரம் இறுகச் செய்துவிடும். உப்பும் அப்படியே. சிறிது வினிகர் சேர்த்தால் தாமதப்படும். ஐப்பசி மழையில் வாய் திறந்து கிடந்த மூட்டையை எந்த மருந்தும் காப்பாற்றாது. அது காற்றிலேயே நீரைக் குடித்து முடித்திருக்கும்.

6 ஆகஸ்ட், காலை 11.15

நான்கு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேஸ்ட் மோல்டின் பயன் என்று நான் முதல் இரவு சொன்னது கவனத்தைப் பற்றியது மட்டுமே. அது பாதி விடைதான். கவனத்தை எந்த வேலையிலும் கற்கலாம்.

மறுபாதி, களிமண்ணைத் தோண்டி எடுத்தபின் கையில் கிடைக்கும் வெற்று அச்சு. அதற்குள் மூக்கு ஒரு குழி, கண்குழி ஒரு மேடு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் குழிந்த முகம் புடைத்த முகமாகவே தெரியும். நாம் நகர்ந்தால் அதுவும் நம்மோடு திரும்பும். அந்த அளவுக்குக் கண் முகத்தை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது. ஐந்து வாரம் அதே கண்ணால்தான் களிமண்ணையும் பார்த்திருக்கிறோம். ஆகவே அச்சுக்குள் விரல்களை விட்டுத் தடவிப் பாருங்கள். இளநீர்ப் பெரியவரின் இடது கன்ன எலும்பு வலதைவிடத் தாழ்ந்திருந்ததை நான் களிமண்ணில் ஒருநாளும் பார்க்கவில்லை; அச்சுக்குள் இரு கட்டைவிரல்களையும் ஒரே நேரத்தில் விட்டபோதுதான் தெரிந்தது. பெரியவருடைய முகத்தில் அந்த வேறுபாடு இருந்ததா, நான் உண்டாக்கியதா என்று அறிய மறுநாள் அவரிடமே போய் நின்று பார்த்தேன். நான்தான் உண்டாக்கியிருந்தேன். சிலிக்கான் அச்சிலும் உட்புறம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது தொட்டால் வளைகிறது. தாங்கும் கூட்டைவிட்டு எடுத்துவிட்டால் முகத்தின் வடிவம் அதில் நிற்பதில்லை. பிளாஸ்டர் அச்சு விரலுக்கு எதிராக அசையாமல் நிற்கிறது.

6 ஆகஸ்ட், இரவு 8.40

களிமண்ணை உள்ளிருந்து தாங்கும் கம்பிச் சட்டமான ஆர்மேச்சரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. என் கணக்கில் சிற்பப் பயிற்சியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் மூன்றரை அடி உயரத்தில் நிற்கும் பெண் உருவம் ஒன்றைத் தொடங்கினேன். எடையைக் கணக்கிடாமல் 6 மில்லிமீட்டர்க் கம்பியை வளைத்துக் கட்டினேன். பொங்கல் விடுமுறைக்கு முன் ஈரத்துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து தாளை விலக்கியபோது தோள்கள் இடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தன. தலை கம்பியிலிருந்து விலகி மார்பில் சாய்ந்திருந்தது. ஈரத்துணியின் எடையையும் சேர்த்து அந்தக் கம்பி தாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மண்ணை முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, சுவரில் உருவத்தை அதே அளவில் கரியால் வரைந்து, கம்பியை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்து வளைத்தேன். இடுப்பில் முட்டுக்கொடுக்கும் இரும்பு 12 மில்லிமீட்டர், கை கால்களுக்கு 8 மில்லிமீட்டர். மார்புக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும், விரல் நீள மரக்குச்சிகள் இரண்டைக் குறுக்காக வைத்துக் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டால் மண் கீழே வழியாது. இந்தக் குறுக்குச்சிகளை நாங்கள் பட்டாம்பூச்சி என்றோம். கம்பி எந்த இடத்திலும் மேற்பரப்பை எட்டக் கூடாது. முழங்கையில் கம்பி வெளியே வந்துவிட்டால் அந்த முழங்கை எந்த நாளும் சரியாக வராது. மண்ணை ஏற்றி ஏற்றிக் கையே தடித்துவிடும்.

அந்த இரண்டாவது கட்டுமானத்தின்போது ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அச்சை எங்கே பிளக்கப்போகிறாய்? களிமண் ஒரு பிடிகூட வைக்கவில்லை, கம்பிதான் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாமல் நின்றதை இன்றும் நினைக்கிறேன். கடைசி வேலையை முதல் நாளே யோசிக்கச் சொன்னார். அதற்கு முன்பு அழகாக மண் பிடிப்பதுதான் சிற்பம் என்று எண்ணியிருந்தேன்.

சென்னையில் இருப்பவர்கள் மெரினாவில் உழைப்பாளர் சிலையின் முன் அரைமணி நேரம் நின்று இதைப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி களிமண்ணில் இழுத்த விரல்களின் வேகம் வெண்கலத்தில் அப்படியே இருக்கிறது. 1959இல் அங்கே நிறுவப்பட்டது. நான்கு உடல்கள், ஒரு பாறை, நெம்புகோல்கள், விலா எலும்புகளுக்கு இடையே ஆழமான நிழல்கள். இதை அச்செடுப்பதாக இருந்தால் கோடுகளை எங்கே போடுவேன், எந்தக் கையைத் தனியாக வெட்டி எடுப்பேன், எந்தப் பள்ளத்தில் அச்சு மாட்டிக்கொள்ளும் என்று ஒவ்வோர் உடலாகப் பாருங்கள். நான் வரைபடத் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.

9 ஆகஸ்ட், மாலை 5.30

சிலிக்கானுக்கு நியாயம் செய்ய வேண்டும். பின்னிய சடை, ருத்திராட்ச மாலை, மடிப்பு மடிப்பான துணி என்று மாட்டிக்கொள்ளும் பள்ளங்கள் நிறைந்த உருவத்துக்கு அதைவிட நல்ல அச்சு இல்லை. வெண்கலத்துக்காக மெழுகுப் பிரதி எடுக்கவும் அதுவே ஏற்றது. நான் இன்று தொழிலில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சில எச்சரிக்கைகள். சிலிக்கான் மெல்லிய தோல்போல இருப்பதால் அதைத் தாங்க வெளியே பிளாஸ்டரிலோ ஃபைபரிலோ கடினமான கூடு வேண்டும். அந்தக் கூட்டைக் கழற்றும் திசைகளை யோசிக்க வேஸ்ட் மோல்டில் கற்ற அதே கணக்குதான் தேவைப்படும். பிளாட்டினம் வகைச் சிலிக்கான் கந்தகம் கலந்த மாடலிங் மண்ணின்மேல் இறுகாது; பிசுபிசுவென்று நின்றுவிடும். முழுவதும் பூசும் முன் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

ஃபைபரைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில், இறுகுவதை முடுக்கும் கோபால்ட் திரவத்தை முதலில் முழுவதும் கலந்து முடித்த பிறகே, இறுகவைக்கும் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் ஒன்றையொன்று நேராகத் தொடக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டையும் ஒரே டப்பாவில் ஊற்றிவிட்டான். டப்பா சீறிக்கொண்டு எரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கையோடு போயிற்று. அந்தக் கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துகிறது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவிக்குச் சாதாரணத் துணி முகமூடி உதவாது. கார்பன் வடிகட்டி உள்ளது வேண்டும். கண்ணாடி இழை வார்ப்பைத் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை வேண்டும்.

10 ஆகஸ்ட், காலை 6.45

முதியவரின் முகத்திலேயே நேராக அச்செடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். 1877இல் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் தம்முடைய ‘வெண்கல யுகம்’ சிற்பத்தைக் காட்சிக்கு வைத்தபோது, அது உயிருள்ள ஆளின் உடலிலிருந்தே அச்செடுத்தது என்று குற்றம்சாட்டினார்கள். அவர் அதை மறுத்து நிரூபிக்க நெடுநாள் போராட வேண்டியிருந்தது. அவருக்கு அது ஏன் அவ்வளவு வலித்தது என்பதை ஒருமுறை முகத்தில் அச்செடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். அச்சுப்பொருளின் எடை கன்னத்தை அழுத்துகிறது, கண் மூடியிருக்கிறது, மூச்சுக்காக வாய் இறுகியிருக்கிறது. கிடைப்பது உறங்குகிற முகம்கூட அல்ல. ஐந்து வாரம் பார்த்துச் செய்த தலையில் அவர் பேசப்போகும் கணம் இருக்கக்கூடும். அச்சில் அது வராது.

10 ஆகஸ்ட், இரவு 10.20

அச்சே வேண்டாம், களிமண் தலையை அப்படியே சூளையில் வைத்துச் சுடலாமா என்ற கேள்வி நல்ல கேள்வி. உள்ளே இரும்பு ஆர்மேச்சர் இருக்கும்வரை முடியாது. மண் உலரும்போது சுருங்கும், இரும்பு சுருங்காது. சூளைக்குப் போகும் முன்பே பிளந்துவிடும். சுடுவதாக இருந்தால், மண் பாதி உலர்ந்து தோல்போல் விறைக்கும் தோல்பதத்துக்கு வந்ததும் உச்சந்தலையைக் கம்பியால் அறுத்து எடுத்து, ஆர்மேச்சரை உருவி, உட்புறத்தைக் கட்டைவிரல் கனத்துக்குக் குடைந்து, மறுபடியும் மண்குழம்பால் ஒட்ட வேண்டும். காற்றுப்போக ஓரிடத்தில் துளையும் வேண்டும்.

சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழிதான் காரணம் என்று எங்கள் வகுப்பிலும் சொன்னார்கள், நானும் வெகுநாள் நம்பினேன். காரணம் ஈரம். கனமான பகுதியின் நடுவே மிஞ்சிய நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. 100 டிகிரியைத் தாண்டும்வரை அவசரப்படாமல் இருந்தால் பெரும்பாலான சிற்பங்கள் தப்பும். 573 டிகிரி அருகே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த இடத்தைப் பொறுமையாகக் கடக்க வேண்டும், சூளையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் தொடக்கத்திலிருந்தே உள்ளே வெற்றிடமாகத்தான் கட்டி எழுப்புகிறார்கள். நான்கு கால்களையும் உருளைகளாக நிறுத்தி, அவை உலர்ந்து வலுப்பெற்றபின் வயிற்றை ஏற்றி, அது உலர்ந்தபின் கழுத்து. மண்ணில் மணலும் வைக்கோலும் உமியும் கலப்பதால் ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது. ஆர்மேச்சர் இல்லாமல் ஆளுயரக் குதிரை நிற்பதை நேரில் பார்த்தபின், இரும்புக்கம்பியை வளைத்து நாங்கள் பட்ட பாட்டை வேறு விதமாக நினைக்கத் தொடங்கினேன். எந்தப் பகுதி எப்போது எடையைத் தாங்கத் தயாராகிறது என்று மண்ணிடமே கேட்டுச் செய்கிறார்கள்.

14 ஆகஸ்ட், காலை 9.00

விடுமுறையில் ஒரு மாதம் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் தங்கியிருந்தேன். வேஸ்ட் மோல்டுக்கு நெருங்கிய உறவு அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுவதால் எழுதுகிறேன்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவுக்கு ஸ்கேல் இல்லை. தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளம் என்னும் அளவுகளாகப் பிரித்து, அந்த ஒடியோலையையே வைத்து முகம், கழுத்து, மார்பு என்று அளக்கிறார்கள். மெழுகின்மேல் முதலில் காவிரியின் வண்டல் மண்ணை மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். நகத்தின் கோடுகூட அதில் பதிய வேண்டும். அது நிழலில் உலர்ந்தபின் மணல் கலந்த கனமான பூச்சுகள், கம்பிக்கட்டு. பிறகு வறட்டி அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்தக் காலியிடத்தில் உலோகம் இறங்கும். ஆறியபின் மண் கூட்டை உடைக்க வேண்டும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று, கிடைப்பது ஒரே ஒரு உருவம். தம்பி, உங்கள் முதல் கேள்வியில் நீங்கள் குறையாகச் சொன்ன அத்தனையும் அங்கே இருக்கிறது.

நீலப் பூச்சு செய்வதும் வண்டல் பூச்சு செய்வதும் ஒரே வேலைதான்: நுணுக்கத்தை மெல்லிய முதல் பூச்சு பிடிக்கிறது, வலுவைக் கனமான மேற்பூச்சு தருகிறது. இதை நான் கல்லூரியில் ஏற்கெனவே செய்திருந்ததால், ஸ்தபதி முதல் பூச்சுக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்காமலே புரிந்தது.

உலோகம் எவ்வளவு தேவை என்று மெழுகை எடைபோட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். மெழுகின் எடையைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வெண்கலம் வேண்டும். வாய்க்கால்களுக்கு மேலும் கொஞ்சம். சோழர் கால உற்சவ மூர்த்திகள் உள்ளே கெட்டியாக வார்க்கப்பட்டவை. நாங்கள் கல்லூரியில் வார்க்கும் தலைகள் உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஆளளவுத் தலையைக் கெட்டியாக வார்த்தால் உலோகச் செலவும் தாங்காது, ஆறும்போது நடுப்பகுதி சுருங்கி மேற்பரப்பில் குழியும் விழும்.

14 ஆகஸ்ட், இரவு 9.15

பஞ்சலோகம் என்றால் ஐந்தும் சம அளவு என்று எண்ணியவருக்கு: பெரும்பகுதி செம்புதான். பித்தளையும் ஈயமும் சிறிதளவு. பொன்னும் வெள்ளியும் செய்யச் சொன்னவரின் விருப்பத்துக்கு ஏற்பப் பெயரளவில் சேர்கின்றன.

19 ஆகஸ்ட், மாலை 4.10

அச்சே தேவைப்படாத சிற்பமும் உண்டு என்று சுட்டிக்காட்டியவர் சொல்வது சரி. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ கம்பிக்கூட்டின்மேல் சிமெண்டையும் செம்புறைக் கல்லின் பரல்களையும் நேராக அப்பிச் செய்தது. நம் சென்னைக் கல்லூரியில் பயின்ற பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி வளைத்துப் பற்றவைத்தே உருவங்களைச் செய்தார். இவற்றில் கை வைத்ததே கடைசி.

உலோகப் பிரிவுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வெல்டிங் ஒளியைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில்தான் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் எரியும். பக்கத்து மேசையில் நிற்பவருக்கும் அது வரும். துத்தநாக முலாம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் அந்தப் புகையிலேயே காய்ச்சல் வரும்.

24 ஆகஸ்ட், காலை 10.30

அடுத்த பருவத்தில் கல்லைத் தேர்ந்தெடுக்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். தேர்ந்தெடுங்கள், ஆனால் களிமண்ணில் பழகிய பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கும். களிமண்ணில் நாம் உள்ளிருந்து வெளியே வளர்கிறோம், கூடினால் வழித்துவிடலாம். கல்லில் வெளியிலிருந்து உள்ளே போகிறோம், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மூக்கு நுனிதான் முதலில் தீர்மானமாக வேண்டும், ஏனென்றால் அதுவே எல்லாவற்றிலும் வெளியே நிற்கிறது. அச்சுக்குள் மூக்கு ஒரு குழியாக இருந்ததைத் தடவிப் பார்த்தவருக்கு இந்தத் திருப்பம் அவ்வளவு அந்நியமாக இராது.

மாமல்லபுரம் போனால் முடிந்த சிற்பங்களைவிட முடியாதவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டிச் சதுரங்களாகப் பிரித்து, இடையே நிற்கும் மேடுகளை உடைத்து உள்ளே போன தடம் அப்படியே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் அன்றைய வேலையை நிறுத்திய இடம் அது. மூன்று முறை அங்கே வரைந்திருக்கிறேன். எந்தப் பாடத்திலும் கிடைக்காத வரிசை அதில் இருக்கிறது. வரைந்துகொண்டிருக்கும்போது ஊரிலிருந்து உளிச்சத்தமும் கிரைண்டர் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கிரைண்டர் பற்றி. உளியைவிட அது மிக நுண்ணிய தூசியை எழுப்புகிறது. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது, சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தும் இல்லை. தண்ணீர் சொட்டவிட்டு அறுங்கள், பொருந்தும் முகமூடி அணியுங்கள், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமாளிக்காதீர்கள். மாக்கல்லில் தொடங்குகிறவர்களும் அது மென்மையாக இருக்கிறது என்று தூசியை அலட்சியப்படுத்த வேண்டாம்.

3 செப்டம்பர், இரவு 8.25

தம்பி, நீங்கள் அச்சு உடைத்து முடித்த படத்தைப் பார்த்தேன். நெற்றிச் சுருக்கங்கள் அனைத்தும் வந்திருக்கின்றன. வலது காதின் கீழ்மடல் உடைந்ததையும் பார்த்தேன். துண்டை எறியாமல் வைத்திருப்பது நல்லது.

ஒட்டும் முன் துண்டையும் தலையின் அந்த இடத்தையும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். இறுகிய பிளாஸ்டர் உலர்ந்திருந்தால் புதிய கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகாமல் மாவாக உதிரும். பெரிய துண்டாக இருந்தால் பித்தளைக் கம்பியை உள்ளே செருகுங்கள்; இரும்பு வேண்டாம், துருப்பிடித்துக் கறை வெளியே வரும். முடியின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் நீலத்தைக் கூரான மூங்கில் குச்சியால் எடுங்கள். உலோக முனை வெள்ளையிலும் கோடு போடும்.

4 செப்டம்பர், காலை 7.10

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூச அவசரப்பட வேண்டாம். மேலே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே நாட்கணக்கில் ஈரம் இருக்கும். அதன்மேல் பூசினால் வெளுத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, தினமும் காலையில் அந்தத் தலையின் நெற்றியில் உங்கள் கன்னத்தை வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை அது அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ச்சி போன அன்று பூசுங்கள்.